‘ஓடவில்லை’ என்று சொன்னால் போதுமா?

“லினக்ஸா? போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை.”

நம் கல்லூரியில் மடிக்கணினி வைத்திருக்கும் நண்பர்கள் பலரிடமிருந்து இந்த ஒரே விடையைத்தான் நான் கேட்டு வருகிறேன். எது ஓடவில்லை என்று கேட்டால், “எதுவுமே ஓடவில்லை” என்பார்கள். சற்று நெருக்கிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். திரை தெரிந்தது, விசைப்பலகை வேலை செய்தது, பென் டிரைவைச் செருகினால் திறந்தது, பாட்டும் கேட்டது. வைஃபை ஒன்றுதான் வரவில்லை. வீட்டில் ஒரு குழாயில் தண்ணீர் வராவிட்டால் அந்தக் குழாயில் வரவில்லை என்றுதான் சொல்கிறோமே தவிர, வீடே இடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. கணினி என்று வந்துவிட்டால் மட்டும் இந்த வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

நான் இயற்பியல் மாணவன். எங்கள் செய்முறைக் கூடத்தில் ஒரு மின்சுற்றை இணைத்துவிட்டு, “சார், ஓடவில்லை” என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது. “மின்கலத்தைப் பார்த்தாயா? சாவியைப் போட்டாயா? ரியோஸ்டாட்டில் எந்த இரு முனைகளை இணைத்திருக்கிறாய்? கம்பி உள்ளே அறுந்திருக்கிறதா?” என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வரும். குறை எந்த இடத்தில் என்று சொன்ன பிறகுதான் வேறு கம்பி கிடைக்கும். மூன்றாண்டுகள் இப்படிப் பழகிய நாமே, அறைக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறந்ததும் அந்தப் பழக்கத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி விட்டுவிடுகிறோம். சிறிய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக வேலை செய்ய வைப்பதற்குக் கணினி அறிவியல் பட்டம் தேவையில்லை. செய்முறைக் கூடத்துப் பழக்கமே போதும் என்பது என் கருத்து. அதற்கு மேலும் ஒன்று சொல்வேன். எந்த உறுப்பு, எந்த இடத்தில், என்ன சொல்லி நின்றது என்று சரியாக எழுதி அனுப்பிய உடைமையாளர்களால்தான் லினக்ஸ் இத்தனை கருவிகளில் ஓடுகிறது. கருவி யார் கையில் இருக்கிறதோ, அவரே அதைப் பற்றிப் பேச வேண்டியவர்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. முதற்பதிப்பு 2007-இல் வந்தது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ அன்று கிடைத்த கணினி இன்று பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. நம்முள் சிலர் அதைத்தான் தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறோம். வேறு சிலர் பதினோரு அங்குலத் திரையுள்ள சிறு கணினியைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்கிறார்கள். 2 ஜி.பி. நினைவகமும் 32 ஜி.பி. சேமிப்பும் கொண்ட சிறு கணினிக்கு அந்த வாசல் அடைபட்டுப் போயிற்று. புதிது வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். இல்லாதவர் பாதுகாப்பற்ற பழையதோடு காலந்தள்ள வேண்டும். அல்லது லினக்ஸின் பக்கம் வர வேண்டும். அப்படி வருகிறவர் வாயிலிருந்து விழும் ‘ஓடவில்லை’ என்ற ஒரு சொல், அந்தக் கணினியைத் திரும்பவும் பரணுக்கு அனுப்பிவிடுகிறது.

பழியை யார்மீது போடுவது என்பதில் நண்பர்களிடையே இரு கட்சிகள் உண்டு. லினக்ஸ் என்றாலே இப்படித்தான் என்பது ஒரு கட்சி. லினக்ஸில் குறையே கிடையாது, உனக்குத்தான் தெரியவில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் கட்சியார் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். ஆவலோடு வருகிறவனை வாசலிலேயே விரட்டி அடிப்பவர்கள் அவர்கள்தாம். முதற்கட்சியாருக்கு ஒரு பழைய கருவியை நினைவூட்ட விரும்புகிறேன். 2007-ஆம் ஆண்டின் இறுதியில் தைவானின் அசூஸ் நிறுவனம் ‘ஈ-பிசி’ என்ற குட்டிக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏழு அங்குலத் திரை, 512 எம்.பி. நினைவகம், 4 ஜி.பி. சேமிப்பு, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. உள்ளே இருந்தது ஸாண்ட்ராஸ் என்னும் லினக்ஸ். பெட்டியைப் பிரித்து மூடியைத் திறந்தால் வைஃபையும் ஒலியும் வேலை செய்தன. தயாரித்தவரே அந்த உறுப்புகளுக்கும் அந்த லினக்ஸுக்கும் பொருத்தம் பார்த்து அனுப்பியிருந்தார். அதே கணினியில் வேறொரு லினக்ஸை நிறுவியவர்களுக்கோ தொடக்க நாட்களில் வைஃபை வரவில்லை. கருவி ஒன்று; லினக்ஸின் கருவான கெர்னலும் ஒரே குலத்தைச் சேர்ந்தது. பொருத்தம் பார்க்கும் வேலை நடந்ததா, இல்லையா என்பதே வேறுபாடு. (அந்தக் கணினியின் திரை உயரம் 480 புள்ளிகள்தாம். பல சாளரங்களில் ‘சரி’ என்ற பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தையே மேலே இழுத்தால்தான் அதன் முகம் தெரியும். சிறு கணினிக்காரரின் துயரங்களில் இதுவும் ஒன்று.)

நம் கைக்கு வரும் சிறு கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தயாரிப்பாளர் விண்டோஸோடு மட்டுமே பொருத்தம் பார்த்திருக்கிறார். லினக்ஸோடு பார்க்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

பொருத்தம் என்று எதைச் சொல்கிறேன்? கெர்னல் பேசும் மொழி வேறு. வைஃபைச் சில்லு பேசும் மொழி வேறு. இடையில் நின்று ஒருவர் சொல்வதை மற்றவருக்கு எடுத்துச் சொல்வது டிரைவர். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸுக்கு ஆனந்தரங்கம் பிள்ளை இருந்ததுபோல ஒரு துபாஷி என்று வைத்துக்கொள்ளலாம். சில்லின் மொழிக்கு இலக்கணம் எழுதித் தயாரிப்பாளர் வெளியிட்டுவிட்டால், திறமையுள்ள யாரும் அதற்கு ஒரு துபாஷியைத் தயார் செய்துவிடலாம். பூட்டி வைத்தால், மற்றவர்கள் ஊகித்து ஊகித்து எழுத வேண்டியதுதான். இதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. பென் டிரைவ், விசைப்பலகை, மௌஸ் ஆகியவை லினக்ஸில் தகராறு செய்வதில்லை. யு.எஸ்.பி. வழியாக இணையும் கேமராக்களும் அப்படியே. அவை எல்லாம் ஊரறிய வெளியிடப்பட்ட பொது விதிகளின்படி செய்யப்பட்டவை. எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் ஒரே துபாஷி போதும். வைஃபைக்கும் வரைகலைக்கும் அப்படிப்பட்ட பொது மொழி இல்லை. தகராறுகள் அங்கேதான் குவிகின்றன.

டிரைவர் இருந்தும் சில வேளை சில்லு அசையாது. ஃபர்ம்வேர் என்ற இன்னொன்று குறுக்கே நிற்கும். சில சில்லுகள், இரவு தூங்கி எழுந்ததும் தம் தொழிலையே மறந்துவிடும் வேலையாளைப் போன்றவை. ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் அவற்றின் வேலையை அவற்றுக்குப் புதிதாக ஊட்டியாக வேண்டும். அந்தப் பாடம் ஒரு சிறு கோப்பாக இருக்கும். அதை எழுதுவது தயாரிப்பாளர். பெரும்பாலும் மூலநிரல் தரமாட்டார். மூலநிரல் தராத எதையும் தம் நிறுவும் தொகுப்பில் சேர்ப்பதில்லை என்று டெபியன் அமைப்பினர் நெடுங்காலம் உறுதியாக இருந்தார்கள். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி அந்த உறுதியைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகள் நிறுவும் தொகுப்பிலேயே வருகின்றன. கொள்கை நழுவியது என்று வருந்துவோர் உண்டு. வருத்தம் நியாயமானதே. ஆனால் வைஃபையே இல்லாத கணினியை வைத்துக்கொண்டு கொள்கையைக் காப்பாற்றச் சொல்வது, பட்டினி கிடப்பவனுக்கு விரதத்தின் பெருமையைச் சொல்வது போன்றது என்பேன்.

பெரிய நிறுவனம் செய்தால் சரியாக இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. இன்டெல் நிறுவனத்தின் வரைகலைச் சில்லுகள் லினக்ஸில் நன்றாக ஓடுபவை என்று பெயர் பெற்றவை. அதே இன்டெல் 2008-இல் சிறு கணினிகளுக்காக ஜி.எம்.ஏ. 500 என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்த வரைகலைப் பகுதி மட்டும் இன்டெல்லுடையதன்று. இமாஜினேஷன் என்ற வேறு நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. அதன் இலக்கணம் வெளியே வரவில்லை. இன்டெல் என்ற பெயரை நம்பி வாங்கியவர்கள் மங்கிய திரையோடு அல்லற்பட்டார்கள். ஆலன் காக்ஸ் என்ற கெர்னல் நிபுணர் அதற்குத் திறந்த டிரைவர் ஒன்றை எழுதி, அது 2011-12 ஆண்டுகளில் கெர்னலில் இடம்பெற்றது. படம் ஒழுங்காகத் தெரிந்தது. முப்பரிமாண வேகம் மட்டும் கிடைக்கவில்லை. பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதே, உள்ளே இருக்கும் சில்லைப் பார் என்று நான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் காரணம். ஒரே மாதிரிப் பெயரில் ஒரே கடையில் வாங்கிய இரு கணினிகளுக்குள் இரு வேறு வைஃபைச் சில்லுகள் இருப்பது உண்டு.

சில்லை எப்படிப் பார்ப்பது? அதற்கு மூன்று கட்டளைகள் உண்டு. எல்.எஸ்.பி.சி.ஐ., எல்.எஸ்.யு.எஸ்.பி., டி.எம்.இ.எஸ்.ஜி. என்பன அவை. மூன்றும் ஐந்தெழுத்து. ஐந்தெழுத்தின் பெருமையை நம் நாட்டாருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டும் கணினிக்குள் இருக்கும் உறுப்புகளின் பட்டியலைத் தரும். முதலாவதோடு இரண்டு ‘என்’ எழுத்துகளை ஒரு சிறு கோடிட்டுச் சேர்த்தால் ஒவ்வோர் உறுப்புக்கும் நான்கும் நான்குமாக எட்டு இலக்கக் குறி ஒன்றும் கிடைக்கும். முதல் நான்கு தயாரிப்பாளரின் குறி. அடுத்த நான்கு அந்தச் சில்லின் குறி. இன்டெல்லின் குறி 8086. 1978-இல் வெளிவந்த அதன் புகழ்பெற்ற சில்லின் எண்ணையே குலப்பெயராக வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது கட்டளை கெர்னலின் நாட்குறிப்பு. எந்த உறுப்பைக் கண்டேன், எதை அழைத்தேன், எது வரவில்லை என்று தொடங்கிய நொடி முதல் அது எழுதிக்கொண்டே இருக்கும். கணினி நம்மிடம் வாய்விட்டு அழும் இடம் அது ஒன்றுதான். அதைத்தான் நம்மில் யாரும் படிப்பதில்லை.

சென்ற பருவத்தில் வரலாற்றுத் துறையைச் சேர்ந்த விடுதி நண்பர் ஒருவர், தம் ஊர் ஏரியைப் பற்றி நாற்பது பக்கத் திட்ட அறிக்கை எழுத வேண்டியிருந்தது. கைப்பேசியில் நாற்பது பக்கம் அடிப்பது ஆகிற காரியமா? அவரிடம் பழையதாக வாங்கிய பதினோரு அங்குலக் கணினி ஒன்று இருந்தது. யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்து டெபியன் 11-ஐ நிறுவியிருந்தார், வைஃபை வரவில்லை. கடைத்தெருவில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், “தம்பி, இந்தச் சின்ன மிஷினுக்கெல்லாம் லினக்ஸ் செட் ஆகாது. எழுநூறு ரூபா குடுங்க, விண்டோஸ் ஏத்தித் தர்றேன்” என்றாராம். அவர் ஏற்றுவது உரிமமில்லாத பிரதி என்பது ஊரறிந்த செய்தி.

இருவரும் உட்கார்ந்தோம். முதல் ஐந்தெழுத்தில் வைஃபையைக் காணோம். இரண்டாவதிலும் காணோம். “உள்ளே சில்லே இல்லை போலிருக்கிறது, ஏமாற்றிவிட்டான்” என்று நண்பர் எழுந்துவிட்டார். மூன்றாவதில் விடை இருந்தது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே இரண்டு வரிகள். எஸ்.டி.ஐ.ஓ. தடத்தில் ஓர் அட்டையைக் கண்டதாக ஒன்று. அதற்குரிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று மற்றொன்று. விலை குறைந்த சிறு கணினிகள் சிலவற்றில் வைஃபைச் சில்லை மற்றவற்றைப் போல இணைக்காமல், மெமரி கார்டைச் செருகுவதற்கான தடத்தின் வகையில் இணைத்துவிடுகிறார்கள். அது முதல் இரண்டு பட்டியல்களிலும் வராது. இல்லை என்று நினைத்த சில்லு இருந்தது; துபாஷியும் இருந்தார்; பாடக்கோப்பு ஒன்றுதான் இல்லை.

கோப்பை எடுக்க இணையம் வேண்டும். இணையம் வரக் கோப்பு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். இதற்குக் கைகண்ட மருந்து நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்கினால், கணினி அதைக் கம்பிவழி இணையம் என்றே எடுத்துக்கொள்ளும். புதிய டிரைவர் எதுவும் வேண்டாம். ஃபர்ம்வேர் தொகுப்பை இறக்கி, கணினியை அணைத்துத் தொடங்கினோம். விடுதி வைஃபையின் பெயர் திரையில் வந்தது. அரைமணி நேர வேலை. எழுநூறு ரூபாய் மிச்சம். முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். அந்தக் கணினியின் உள்மைக் இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஹெட்போனில் உள்ள மைக்கை வைத்துச் சமாளிக்கிறார். ஏரி அறிக்கை உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

சிறு கணினிகளின் பிற வம்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-க்குப் பின் வந்த ஆட்டம் சில்லுக் கணினிகள் பலவற்றில் விந்தையான ஒரு முரண்பாடு உண்டு. மூளை 64 பிட். அதை எழுப்பிவிடும் தொடக்க மென்பொருள் 32 பிட். ஆகவே சாதாரண 64 பிட் பென் டிரைவைச் செருகினால் அது தெரியவே தெரியாது. பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. 2015-இல் வந்த டெபியன் 8 இந்தக் கலப்புக்கும் வழி செய்து கொடுத்தது. அதே குடும்பத்துக் கணினிகள் திடீர் திடீரென்று உறைந்து நின்றன. சில்லு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய் எழ மறுத்ததே காரணம். ஆழ உறங்காதே என்று தொடக்கத்தில் ஒரு கட்டளைச் சொல் கொடுத்தால் உறைவது நிற்கும், பேட்டரி சற்று விரைவில் தீரும். வைஃபை முன்பு வந்து இப்போது வரவில்லை என்றால், வேறெதையும் தொடுமுன் விமானப் படம் போட்ட விசையைத் தெரியாமல் அழுத்தியிருக்கிறோமா என்று பார்ப்பது நல்லது. நகைப்புக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. பல கணினிகளின் தொடக்க மென்பொருள், மேலே ஓடுவது எந்த அமைப்பு என்று விசாரிக்கும். விண்டோஸ் என்றால் ஒழுங்காக நடக்கும். மற்றவற்றோடு அதைச் சோதித்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆகவே லினக்ஸ் கெர்னல், “நான் விண்டோஸ்தான்” என்று தலையாட்டிவிட்டு உள்ளே நுழைகிறது. பிழைக்கத் தெரிந்த பிள்ளை!

மிகப் பழைய, 32 பிட் மட்டுமே அறிந்த கணினி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அவற்றுக்கான நிறுவும் தொகுப்பு இல்லை. லினக்ஸ் எந்தப் பழையதையும் காப்பாற்றும் என்று மேடையில் பேசுவோர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, கருவி உடையவரே பேச வேண்டியவர் என்று முன்னே சொன்னதற்கு வருகிறேன். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தபோது, ஏ.டி. வகை வன்தட்டைத் தவிர வேறெதையும் இது ஒருபோதும் தாங்காமல் போகலாம், என்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்ற பொருள்பட எழுதினார். மூன்று பத்தாண்டுகளைத் தாண்டிய பிறகு அது எத்தனையோ ஆயிரம் கருவிகளைத் தாங்குகிறது. அவர் கடைக்குப் போய் அத்தனையையும் வாங்கிவிடவில்லை. தன்னிடம் உள்ளதைப் பற்றி ஒவ்வொருவர் எழுதியதால் வந்த வளர்ச்சி அது. அவருக்கும் முன்னோடியான ரிச்சர்ட் ஸ்டால்மனின் கதையும் ஒரு கருவித் தகராறில்தான் தொடங்குகிறது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால் அச்சுக் கொடுத்தவருக்குச் செய்தி போகும்படி அதன் மென்பொருளைத் திருத்த அவர் விரும்பினார், மூலநிரல் மறுக்கப்பட்டது. 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். கட்டற்ற மென்பொருள் என்ற பெரிய இயக்கத்தின் வேரில் காகிதம் சிக்கிய ஓர் அச்சுப்பொறி கிடக்கிறது.

சிறு கணினிகளுக்கு நெருக்கமான சான்று வேண்டுமானால், ஹான்ஸ் டி கோடே என்ற நெதர்லாந்துக்காரரைச் சொல்லலாம். நெடுங்காலம் ரெட் ஹாட் நிறுவனத்தில் பணியாற்றியவர். பெரிய நிறுவனங்கள் திரும்பியும் பாராத மலிவான ஆட்டம் கணினிகளின் ஒலி, பேட்டரி, தொடுதிரை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஓட வைத்தவர்களில் முதன்மையானவர். மெமரி கார்டுத் தடத்தில் இணைந்த வைஃபைச் சில்லு ஒன்றின் டிரைவர் 2017-இல் கெர்னல் 4.12-இல் இடம்பெற்றதிலும் அவர் பங்கு உண்டு. தொடுதிரைகளுக்கென்று கெர்னலில் ஒரு கோப்பே இருக்கிறது. நாம் பெயர்கூடக் கேட்டிராத சிறு கணினிகளின் பெயர்களும், அவற்றின் திரை அளவுகளும் அதில் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பலவும் அந்தக் கருவியை வைத்திருந்த யாரோ ஒருவர் தம் திரையில் விரலை வைத்து அளந்து அனுப்பியவை. ‘ஓடவில்லை’ என்று மட்டும் அவர்கள் எழுதியிருந்தால் அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இருந்திராது.

பேராசிரியப் பெருமக்களில் சிலர், “வேலைக்குப் போகுமிடத்தில் விண்டோஸ்தானே இருக்கிறது? இதற்கு ஏன் நேரத்தை வீணாக்குகிறாய்?” என்று அன்போடு கேட்கிறார்கள். வணிகவியல் நண்பர்களுக்கு டேலி வேண்டும், அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களை லினக்ஸுக்கு வரச்சொல்லி வற்புறுத்துவது அறியாமை. ஆனால் அறிக்கை அடிக்கவும், பாடம் படிக்கவும், நிரல் எழுதிப் பழகவும் கணினி வேண்டுவோர் நம்மில் மிகப்பலர். அவர்களுக்குப் பரண்மேல் கிடப்பதே போதும்.

மாணவ நண்பர்களிடமும் ஒரு குறை காண்கிறேன். எங்கோ எழுதியிருந்த கட்டளை வரிகளைப் பொருள் தெரியாமல் அப்படியே எடுத்து ஒட்டி, கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் நாம் மருந்து வாங்கிச் சாப்பிடுவதில்லை. நம் சில்லின் எட்டு இலக்கமும் அந்த வரிகள் யாருக்காக எழுதப்பட்டனவோ அந்தச் சில்லின் எட்டு இலக்கமும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், நிறுவாமலேயே கடையில் வைத்து ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. வைஃபை, ஒலி, கேமரா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்ற நான்கையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது.

தனியார் கல்லூரிகளில் இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அரசு வழங்கியதால் ஒரே மாதிரிக் கணினிகள் நம்மிடையே பல உண்டு. ஒருவர் ஒன்றைத் தீர்த்தால் அதே மாதிரி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தீர்ந்தது. ஆனால் தீர்த்தவர் அதை எங்கும் எழுதி வைப்பதில்லை. படிப்பு முடிந்து அவர் போகும்போது அதுவும் அவரோடு போய்விடுகிறது. அடுத்த ஆண்டு வருகிறவர் மறுபடியும் கடைத்தெருவுக்குப் போகிறார். ஆகவே நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கணினியின் அடிப்புறத்தில் ஒட்டியுள்ள மாதிரிப் பெயர், சில்லுகளின் எட்டு இலக்கக் குறிகள், எந்த லினக்ஸ், கெர்னல் எண் என்ன, எவை ஓடின, எவை ஓடவில்லை, நாட்குறிப்பில் வந்த பிழை வரி என்ன, எதைச் செய்ததும் சரியாயிற்று என்று ஒருவருக்கு ஒரு பக்கம். பிழை வரியை மட்டும் எழுத்துப் பிசகாமல் உள்ளபடி எழுத வேண்டும். மற்றவை நல்ல தமிழில் இருந்தால் எல்லாத் துறையாரும் படிக்கலாம். தீராத குறையையும் எழுத வேண்டும். அந்த உள்மைக்கின் கதையை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் துறை அலமாரியில் ஐந்து பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. துறைத்தலைவரின் இசைவோடு அவற்றில் நான்கின் குறிகளை ஒரு நோட்டில் எழுதி நூலகரிடம் கொடுத்துவிட்டேன். நான்கில் மூன்று இப்போது ஓடுகின்றன. நான்காவதன் திரை விளக்கு எரியவில்லை. ஐந்தாவதற்குச் சார்ஜரைக் காணவில்லை. உருண்டை முனையுள்ள 19 வோல்ட் சார்ஜர் யாரிடமேனும் சும்மா கிடந்தால், மாலை நான்கு மணிக்கு மேல் இயற்பியல் செய்முறைக் கூடத்துக்குக் கொண்டுவந்து தருமாறு வேண்டுகிறேன்.